பாஸான கஷாயம்

தோலை நம்பக்கூடாது என்பதுதான் என் தொழில். பார்ப்பதற்கு வழவழப்பாக இருக்கும், தடவினால் வெண்ணெய் போலிருக்கும், ஆனால் வெட்டி ஊறவைத்துச் சோதித்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற தோலில் ஆகாத குரோமியம் இருக்கிறதா, தடை செய்த சாயம் கலந்திருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்வோம். பாஸ் அல்லது ஃபெயில். அந்த ஒரு வார்த்தைக்காக மேனேஜரிலிருந்து தோல் சுழலும் டிரம்மை ஓட்டுகிறவர் வரைக்கும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கம்பெனி கேட்டைத் தாண்டினால் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. என் அக்காவிடம் சுத்தமாகக் கிடையாது.

அக்கா ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தனை மிஷின்கள் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, ஓய்வு பெறவில்லை. மாமா தவறிவிட்டார், மகன் ஓசூரில் இருக்கிறான். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் அவள் தனியாக இருக்கிறாள். தனியாக என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். லைன் போனதும் அவளுக்குத் தெரு கிடைத்துவிட்டது. யார் வீட்டில் தண்ணீர் வீணாகிறது, யார் பிள்ளை டியூஷனுக்குப் போகவில்லை என்பதையெல்லாம் வாசலில் நின்றபடியே மேற்பார்வை பார்ப்பாள்.

அவளுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலமாகிறது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் நாற்பதைத் தாண்டியும் சர்க்கரை வராதவர்களைத்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிப்போம். காலையிலும் இரவிலும் மாத்திரை போட்டுக்கொண்டு, நடுவில் மனம்போலச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருமாதிரி ஓட்டிக்கொண்டிருந்தாள். மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. ஒருநாள் அப்படிக் கொண்டுபோன பையை அப்படியே என் கையில் திணித்தாள்.

"இனிமே வாங்காத. நிறுத்திட்டேன்."

"இன்னாது, நிறுத்திட்டியா? டாக்டரைக் கேட்டியா?"

"அவரு இன்னா சொல்வாரு? ஓட்டல்காரன்கிட்ட போயி வீட்லயே சாப்ட்டுக்கறேன்னு சொன்னா, ரொம்ப சந்தோஷம்னு சொல்வானா?"

திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பந்தியில் பக்கத்து இலைக்காரி சொன்ன கைமருந்தாம். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. யார் சொன்னதையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வது வழக்கமில்லை. ஏலகிரி அடிவாரத்துச் சந்தையில் தேடித் தேடிச் சரக்கு வாங்கி, தன் கைப்பக்குவத்தில் கூட்டியும் குறைத்தும் ஒரு பொடி செய்திருந்தாள். அதைக் கொதிக்கவைத்த கஷாயம் ஒரு எவர்சில்வர் சொம்பில் மூடியிருந்தது. மூடியை எடுத்தேன். வேலைக்கு வந்துவிட்டது போல இருந்தது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இரண்டும் தோல் பதனிடும் சரக்கு. குரோமியம் வருவதற்கு முன்னால் இந்த ஊர்களெல்லாம் அந்தப் பட்டையை நம்பித்தான் பிழைத்தன. இன்றைக்கும் சில இடங்களில் அதில்தான் பதனிடுகிறார்கள். அக்கா அதோடு ஆவாரம்பூ, நாவல்கொட்டை, வெந்தயம் எல்லாம் சேர்த்திருந்தாள். ஆனால் என் மூக்குக்குப் பட்டைதான் முதலில் வந்து நின்றது.

"அக்கா, இதுல ஆட்டுத்தோலை ஊறப்போட்டா செருப்பே தைக்கலாம்."

"பாத்துக்கோ, எவ்ளோ பவர் இருக்குன்னு."

இப்படிப்பட்ட ஆளிடம் என்னவென்று வாதாடுவது? அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பாபி டம்ளரோடு உள்ளே வந்தாள். பாபி என்றால் உருதுவில் அண்ணி, தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவள் கணவர் தோல் வியாபாரி, முக்கால்வாசி நாள் சென்னையில் இருப்பார். அவளுக்கும் சர்க்கரை. அக்கா சொம்பிலிருந்து அளந்து ஊற்றினாள். பாபி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கசப்பு ரொம்ப ஜாஸ்திண்ணா. ஆனா கசப்பு ஜாஸ்தின்னா சுகர் கம்மி ஆவும் இல்ல? அக்கா சொன்னாங்கன்னு நானும் மாத்திரையை நிறுத்திட்டேன்."

எனக்கு ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் கம்பெனியில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடாமல், காலில் ஒரு சின்னக் கொப்புளத்தில் ஆரம்பித்து, விரல் போய், பிறகு பாதமும் போனது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டவர், கடைசியில் கேட்டுக்கே வரவில்லை. அக்காவின் காலும் அப்படிப் போய்விடுமோ என்ற பயம்தான் அன்றைக்கு என்னைப் பிடித்தது. அதற்குப் பிறகு நான் செய்த கோமாளித்தனம் எல்லாவற்றுக்கும் அந்தப் பயம்தான் காரணம்.

பயத்தில் கத்தினேன். அக்கா என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்.

"நீதான் பெரிய லேபுக்காரனாச்சே. எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணு. ஃபெயில் ஆச்சுன்னா நான் விட்டுடறேன்."

நான் ஒப்புக்கொண்டேன். எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. சந்தைப் பொடிகளில் ஈயம், பாதரசம் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் வாசனையோ சாயமோ கலந்திருப்பான். ஏதாவது ஒன்று மாட்டினால் போதும், அக்கா வாக்குத் தவற மாட்டாள். ஒரு சொந்தக்காரி குடிக்கிற மருந்தில் விஷம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் லேபில் ஒரு இளம்பெண் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி. பொடியையும் கஷாயத்தையும் அவளிடம் கொடுத்து, விஷச் சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இங்கே எங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே வருகிற சாம்பிள் எதுவானாலும் அது என்ன தோல், என்ன நிறம், எதற்குப் பயன்படப் போகிறது என்று நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும். கஷாயம் என்ற தோல் அதில் கிடையாது. அந்தப் பெண் யோசித்துப் பார்த்து, 'லைனிங் லெதர், பழுப்பு, குழந்தைகள் ஷூ' என்று போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "சின்னப் பசங்க ஷூவுக்குத்தான் சார் லிமிட் ரொம்ப கம்மி. அதுல பாஸாயிடுச்சுன்னா எதுலயும் பாஸாயிடும்" என்றாள். யோசனை சரிதான். எனக்கே பெருமையாக இருந்தது.

அக்காவின் கஷாயம் தேறிவிட்டது. ஈயம் இல்லை, பாதரசம் இல்லை, ஆகாத குரோமியம் இல்லை, தடை செய்த சாயத்தில் ஒன்றுகூட இல்லை. நான் ஏமாந்துபோய், விட்டேனா பார் என்று ஒரு துண்டு ஆட்டுத்தோலை அதில் ஊறப்போட்டேன். தோல் அருமையாகப் பதமாகி வந்தது. டிரம் ஓட்டுகிறவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் கெமிக்கல் இது, நம்ம சரக்கவிட ஷோக்கா இருக்குது?" என்றார். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

கம்ப்யூட்டர் தன் வேலையைத் தொடர்ந்து செய்தது. எல்லா எண்களுக்கும் கீழே, கம்பெனி பெயருக்கு மேலே, பச்சை நிறத்தில் பெரிதாகப் பாஸ் என்று அச்சடித்துக் கொடுத்தது. அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். எண்களைக் காட்டிப் பொறுமையாக விளக்கலாம் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என் பையைச் சோதனை போடுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிற உரிமை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் சீட்டு அவள் கையில் இருந்தது.

"பாஸ்!"

"அக்கா, இரு. அது இன்னா அர்த்தம்னா..."

"எனக்கு அர்த்தம் சொல்றியா? எத்தினி பாஸ் பாத்திருப்பேன் என் சர்வீஸ்ல. இந்தா, இன்னா போட்டிருக்கான் பாரு. சின்னப் பசங்களுக்கேன்னு போட்டிருக்கான்!"

"அது ஷூவுக்கு அக்கா. சின்னப் பசங்க ஷூவுக்கு உள்ள வெக்கிற தோலுக்கு."

"பசங்க கால்ல படறதுக்கே நல்லதுன்னா பெரியவங்க வயித்துக்கு நல்லதில்லியா?"

விஷம் இல்லை என்பது வேறு, மருந்து என்பது வேறு என்று தலைகீழாக நின்று சொன்னேன். தண்ணீரில்கூடத்தான் விஷம் இல்லை, அதற்காகத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை இறங்குமா என்று கேட்டேன்.

"தண்ணி பாஸ் ஆயிருக்குதா? எங்க, சீட்டு காட்டு" என்றாள்.

மறுநாளே அந்தச் சீட்டை லேமினேஷன் போட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். இங்கே நெய் வடிகிறது என்று கம்பெனி முத்திரையோடு எழுதிக் கொடுத்தது என் லேப். தெருப் பெண்கள் டம்ளரோடு வரத் தொடங்கினார்கள். காசு வாங்கவில்லை என்பதால் அவளைக் கண்டிக்கவும் முடியவில்லை. கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னை நிறுத்தி, "நீதான கஷாயம் பாஸ் பண்ணது? நல்லாருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறு வழியில்லாமல், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கினேன். கஷாயத்தைச் சோதிப்பதை விட்டுவிட்டு ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்ற ஞானம் ஒரு லேபுக்காரனுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அக்கா இதற்கும் தயாராக இருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். என்றைக்கு டெஸ்ட் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"நோட்டீஸ் குடுக்காம வந்து குத்தறதெல்லாம் வெச்சிக்காத."

நான் ஞாயிற்றுக்கிழமை காலை என்று சொன்னேன். வெறும் வயிற்றில் பார்த்தேன். நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன். அதுவும் மோசமில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. மிஷின்மேல் சந்தேகம் வந்து என் விரலையும் குத்திப் பார்த்துக்கொண்டேன். ஒருவேளை கஷாயம் வேலை செய்கிறதோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. லேப் பெண்ணிடம் சொல்லி இன்னொரு துண்டு தோலைக்கூட ஊறப்போட்டேன், எதற்கென்று தெரியாமல்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது. பாபி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா வாக்கிங் போய்ட்டாங்கண்ணா. பைபாஸ் வரைக்கும் போய்ட்டு வருவாங்க."

"அக்காவா? வாக்கிங்கா?"

"நாளைக்கு உங்க டெஸ்ட்டு இல்ல? டெஸ்ட்டுக்கு முன்னாடி எப்பவும் போவாங்களே. ரெண்டு நாளா கேழ்வரகு கூழும் வெள்ளரிக்காயும்தான். எங்க வீட்ல இன்னிக்கு பிரியாணிண்ணா, அனுப்பட்டுமான்னு கேட்டா, எடுத்து வெய்யி, நாளைக்கு அவன் குத்திட்டுப் போனதும் அனுப்புன்னு சொல்லிட்டாங்க."

அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிற நாளில் எங்கள் தொழிற்சாலைகளைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் புது மாஸ்க், புதுக் கையுறை. முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும். கேன்டீன் சாம்பாரில் பருப்பு இருக்கும். ஆடிட்டர் கார் ஏறியதும் எல்லாம் பழையபடி. அக்காவின் லைன் ஒரு ஆடிட்டில்கூடத் தோற்றதில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவனிடம் தோற்றால் நாம்தான் முட்டாள் என்பது அவள் கொள்கை. இப்போது ஆடிட்டர் நான்.

தோலிலும் இதே கதைதான். முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். விவரம் தெரிந்த ஆள் முதுகில் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புவான். அது பாஸாகும். லாரியில் போவதெல்லாம் வயிறாக இருக்கும். அக்கா எனக்கு ஞாயிறுதோறும் முதுகை வெட்டி வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அதற்கும் ஒரு டெஸ்ட் உண்டு. மூன்று மாத சுகர் என்று சொல்வார்கள். முந்தைய நாள் கூழ் குடித்தாலும் பைபாஸ் வரை நடந்தாலும் அதை ஏமாற்ற முடியாது. மூன்று மாதம் உடம்பு எப்படி இருந்தது என்று ரத்தம் சொல்லிவிடும். நடந்துவிட்டு வந்த அக்காவிடம் அதைச் சொன்னதும் அவளுக்கு முகம் மாறியது.

"அது சர்ப்ரைஸ் ஆடிட்டு. அதெல்லாம் முடியாது."

"ஏன், கஷாயத்து மேல நம்பிக்கை இல்லியா?"

"கஷாயத்து மேல இருக்குது. உங்க டெஸ்ட்டு மேலதான் இல்ல" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா, அடுத்த ஞாயிறு காலை நானே இறங்கிப் போனேன். அவள் அப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். வாசலில் என் செருப்பை அதற்குப் பக்கத்தில் விடும்போது பார்த்தேன். அவள் இடது செருப்பில், பெருவிரலுக்குக் கீழே, அடியிலிருந்து ஒரு சின்ன ஆணி உள்ளே குத்தி நின்றது. ஷூவில் அடிக்கிற ஆணி. எங்கள் தெருக்களில் அது சாதாரணம். அதன் முனையைச் சுற்றிச் செருப்பு கருஞ்சிவப்பாக இருந்தது.

"அக்கா, கால காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டுன்றேன்ல!"

நான் போட்ட கத்தலில் அவளே மிரண்டுபோய்க் காலை நீட்டினாள். பெருவிரலுக்கு அடியில் ஓட்டை விழுந்து, சுற்றிலும் வீங்கியிருந்தது. ஒரு நாளில் வந்த வீக்கம் இல்லை அது. செருப்பைக் கொண்டுவந்து காட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லைன் சூப்பர்வைசர் வெளியே வந்துவிட்டாள்.

"இன்னா சோல் இது, ஒரு ஆணியத் தாங்கமாட்டேங்குது. எந்தக் கம்பெனிக்காரன் இதை வெளிய விட்டான்?"

"சோல விடு. குத்தினது உனக்குத் தெரியலியா?"

"தெரியாம இன்னா? தெரிஞ்சுது. ஏதோ கல்லுன்னு நெனச்சேன்."

அவள் பொய் சொல்லும்போது வலது காது மடலை இழுத்துக்கொள்வாள். இழுத்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு, ஒரு காரை வைத்து அவளை வேலூருக்கு அழைத்துப் போனேன். வருவதற்கு அவள் சுலபமாக ஒப்புக்கொண்டதே எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கிளம்பும்போது ஒரு பாட்டிலில் கஷாயத்தை எடுத்துக்கொண்டு, லேமினேஷன் போட்ட சீட்டையும் பையில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் மடக் மடக்கென்று குடித்தபடி வந்தாள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் குடிக்கிறாள் என்று புரிந்தது. பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

சர்க்கரை நோயைப் பார்க்கிற அந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னாள். மத்தியானத்துக்குள் ரிசல்ட் வந்துவிட்டது. மூன்று மாத சுகர், இருக்க வேண்டிய அளவுக்கு மிகவும் மேலே இருந்தது. அக்கா அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

"இந்த மிஷினுக்கு காலிப்ரேஷன் சர்ட்டிபிகேட் இருக்குதா?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "இருக்கும்மா, சரியாத்தான் அளக்குதுன்னு. வேணும்னா காட்டச் சொல்றேன்."

"என்கிட்டயும் சர்ட்டிபிகேட் இருக்குது" என்று அக்கா பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்தாள். குழந்தைகள் ஷூ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல் ஆஸ்பத்திரி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விஷம் இல்லேன்னு பாத்திருக்காங்க, நல்லதுதாம்மா" என்றாள். "ஆனா சுகர இறக்குதான்னு இதுல யாரும் பாக்கலியே. கஷாயம் குடிக்கறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க. மாத்திரைய மட்டும் யாரக் கேட்டும் நிறுத்தாதீங்க. கொஞ்ச நாளைக்கு ஊசியும் போட்டுக்கணும்." அக்கா சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "இப்போ கால்ல உணர்ச்சி எப்படி இருக்குன்னு பாத்துடலாம். கண்ண மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் தெரியுதுன்னு சொல்லணும், அவ்ளோதான்."

டெஸ்ட் என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டாக்டர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழை பொருத்திய குச்சியை எடுத்தாள்.

"தெரியுது" என்றாள் அக்கா.

"நான் இன்னும் தொடலம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். எந்த ஆடிட்டிலும் தோற்காதவள் பிடிபட்டாளே என்று உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்கூட. அக்கா கண்ணைத் திறக்காமலே, "சரி சரி, தொடுங்க" என்று அமைதியானாள்.

டாக்டர் தொடங்கினாள். கட்டுப் போடாத இடமெல்லாம் பார்த்துப் பார்த்து, இழை வளைகிற அளவுக்கு அழுத்தினாள். சுண்டுவிரல். நடுப்பாதம். ஓரம். குதிகால். பிறகு அடுத்த கால். ஒவ்வொரு தடவையும் இழை வளைந்து நிமிர்ந்தது. நான் ஒவ்வொரு தடவையும் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கேள்வி வரட்டும் என்று காத்திருக்கிற முகம். இந்தத் தடவை ஏமாற்றக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள் என்பது தெரிந்தது. என் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. டாக்டர் குச்சியை டப்பாவில் வைத்து மூடிவிட்டு எழுதத் தொடங்கினாள்.

அக்கா கண்ணை மூடியபடியே சொன்னாள். "நான் ரெடி டாக்டர். எப்ப வேணா ஆரம்பிங்க."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டாள். நான்தான் அவள் தோளைத் தொட்டு, "அக்கா, கண்ணத் தொற. முடிஞ்சிடுச்சு" என்றேன். அவள் திறந்தாள். என்னைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், மூடியிருந்த டப்பாவைப் பார்த்தாள். இது ஒரு நாளில் வந்ததல்ல, வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, இந்தச் சில மாதத்தில் இன்னும் கெட்டிருக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள், புண் ஆறிவிடும், காலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இனி தினமும் காலைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் தலையாட்டி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பும்போது காரில் மீதிக் கஷாயத்தோடு பாட்டில் இருக்கைக்கடியில் உருண்டுகொண்டிருந்தது. பள்ளிகொண்டா தாண்டியது, மாதனூர் வந்தது. அங்கேதான் வாயைத் திறந்தாள்.

"பாபியும் நிறுத்திட்டா இல்ல?"

"ஆமாக்கா."

"நான் சொல்லித்தான்."

அவள் டிரைவரிடம், "கொஞ்சம் வேகமா போப்பா, இன்னா உருட்டற?" என்றாள்.

தெருவுக்குள் கார் நின்றதும் தன் வீட்டுக்குப் போகவில்லை. கட்டுப் போட்ட காலோடு நேராக பாபி வீட்டுக்குள் நுழைந்தாள். கால ஊனாத, கால ஊனாத என்று நான் பின்னாலேயே ஓடினேன். பாபி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவோரம் சாய்த்திருந்த தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவினாள்.

"முறத்த வெய்யி. கால நீட்டு. கண்ண மூடு."

"இன்னாக்கா ஆச்சு? கால்ல இன்னா கட்டு?"

"மூடுன்றேன். தொட்டா மட்டும் சொல்லு. பொய் சொன்னே, அவ்ளோதான்."

பாபி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அக்கா கீழே உட்கார்ந்து, குச்சியின் மெல்லிய நுனியால் அவள் உள்ளங்காலில் மெதுவாக ஒரு தடவை தொட்டாள்.

"அய்யோ, கூசுதுக்கா!" என்று பாபி காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

அக்கா காலைப் பிடித்து இழுத்து மறுபடி தொட்டாள். சுண்டுவிரல், ஓரம், குதிகால். பிறகு அடுத்த கால். ஒவ்வொரு தொடலுக்கும் பாபி நெளிந்தாள், போதும்க்கா, போதும்க்கா என்று சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. குச்சியைக் காலுக்குச் சற்று மேலே, படாமல், அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"இப்போ?"

"இப்போ இன்னா? நீங்க இன்னும் தொடவே இல்லியே."

அக்காவின் கையிலிருந்து குச்சி விழுந்தது. பாபியின் இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைத் தொண்டையைத் திறந்து ஓவென்று அழுதாள். பாபி கண்ணைப் பொத்திய கையை எடுக்கவில்லை. பயந்துபோய், சின்னக் குரலில் கேட்டாள்.

"இன்னாக்கா, நான் ஃபெயிலா?"